இயற்கணிதம், டோப்பாலஜி ஆய்வு மாணவர் மாநாடு: நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இயற்கணிதத்துக்கும், வடிவங்களை வெட்டாமல் ஒட்டாமல் வளைத்தாலும் மாறாத பண்புகளை ஆராயும் டோப்பாலஜிக்குமாகச் சென்னையில் நடந்த ஆய்வு மாணவர் மாநாடு நல்லபடியாக நிறைவடைந்தது. பேசியவர்களின் பெயர்கள் நிகழ்ச்சி நிரலில் இருக்கின்றன. அந்தப் பேச்சு கடைசி வரிசைக்கும் போய்ச் சேர உழைத்த பலரின் பெயர்கள் அதில் இல்லை. இந்த மடல் அவர்களுக்கு.

முதல் நன்றி அரங்கங்களைக் கவனித்துக்கொண்ட துப்புரவுப் பணியாளர்களுக்கு. கணிதப் பேச்சுக்கு இன்றும் கரும்பலகைதான் உயிர். ஈரத்துணியால் துடைத்த கையோடு எழுதினால் சாக்பீஸ் சரியாகப் பிடிக்காது; காய்ந்தபின் அந்த எழுத்தை அழிப்பதும் கஷ்டம். நீங்கள் ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் உலர்ந்த டஸ்டரால் பொடியை எடுத்துவிட்டு, அதன்பிறகு ஈரத்துணி போட்டு, பலகையைக் காயவிட்டீர்கள். பேச்சுகளுக்கு நடுவே 10 நிமிடம் விட்டிருந்தது இதற்காகத்தான். இரு முனைகளும் இணைந்த கயிற்று முடிச்சுகளை ஆராயும் முடிச்சுக் கோட்பாட்டுப் பேச்சுகளில் இதன் அருமை நன்றாகத் தெரிந்தது. முடிச்சுப் படத்தில் அடியில் போகும் இழையைக் குறுக்கீட்டில் சிறு இடைவெளி விட்டு வரைவது வழக்கம். பழைய கோட்டின் மிச்சம் அந்த இடைவெளியில் தெரிந்தால் எது மேலே, எது கீழே என்பது போய்விடும். மூன்று குறுக்கீடுகள் கொண்ட மிக எளிய முடிச்சான ட்ரெஃபாயிலின் படத்தில் ஒன்றே ஒன்று மேல்கீழாக மாறினாலும் முடிச்சு அவிழ்ந்து வெறும் வளையமாகிவிடும்.

ஒத்திகை கேட்ட மூத்த ஆய்வு மாணவர்களே, உங்களுக்கு நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். முதன்முறை பேசுபவர்கள் 25 நிமிடத்தில் 15 நிமிடத்தை வரையறைகளுக்கே கொடுத்துவிட்டு, தேற்றத்தைக் கடைசி 2 நிமிடத்தில் ஓட்டிவிடுவார்கள். முதல் 5 நிமிடத்துக்குள் ஓர் எடுத்துக்காட்டு வந்தாக வேண்டும் என்று நீங்கள் விடாப்பிடியாக நின்றீர்கள். ஸ்பெக்ட்ரல் சீக்வென்ஸ் (பக்கம் பக்கமாக அட்டவணை போட்டுக் கணக்கிடும் முறை) பற்றிப் பேசியவர்களிடம், ஹோமாலஜியா கோஹோமாலஜியா (வடிவத்தின் ஓட்டைகளை அளக்கும் இரு இணை முறைகள்) என்பதைப் பலகையின் மூலையில் முதலிலேயே எழுதச் சொன்னதும் நீங்கள்தான். வழக்கமான அச்சமைப்பில், ஹோமாலஜியின் இரண்டாம் பக்கத்து அம்புக்குறி இரண்டு கட்டம் இடப்பக்கமும் ஒரு கட்டம் மேலேயும் போகும்; கோஹோமாலஜியில் இரண்டு வலப்பக்கம், ஒன்று கீழே. இதைச் சொல்லாமல் விட்டால், கேட்பவருக்குப் பாதி நேரம் திசையைக் கண்டுபிடிப்பதிலேயே கழியும்.

தொடர் வகுப்பு எடுத்த பேராசிரியருக்கும் மாலைப் பயிற்சியை நடத்தியவர்களுக்கும் நன்றி. இயற்கணிதமும் டோப்பாலஜியும் ஏன் ஒரே மாநாட்டில் என்று கேட்பவர்களுக்கு உங்கள் முதல் கணக்கே போதும். ட்ரெஃபாயிலை நீக்கிய வெளியின் அடிப்படைக் குலத்துக்கு (அந்த வெளியில் சுற்றிவரும் பாதைகளால் அமையும் இயற்கணித அமைப்பு), முடிச்சுப் படத்தைப் பார்த்தே எழுதும் விர்டிங்கர் முறையில் மூன்று பிறப்பாக்கிகள் (மற்றதெல்லாம் உருவாகும் அடிப்படை உறுப்புகள்), மூன்று தொடர்புகள் (அவற்றுக்கிடையிலான சமன்பாடுகள்). ஒரு தொடர்பு மற்ற இரண்டிலிருந்தே வந்துவிடுகிறது. சுருக்கினால் மிஞ்சுவது இரண்டு பிறப்பாக்கிகளும் ஒரு தொடர்பும்: கபக = பகப. க-வை 1, 2 என்ற எண்களை இடம் மாற்றும் (1 2) ஆகவும் ப-வை 2, 3 என்ற எண்களை இடம் மாற்றும் (2 3) ஆகவும் வைத்தால் தொடர்பு பொருந்துகிறது, ஆனால் இவை ஒன்றோடொன்று பரிமாறுவதில்லை, அதாவது வரிசை மாறினால் விடையும் மாறுகிறது. வெறும் வளையத்துக்குக் கிடைப்பதோ முழு எண்களின் குலம், அதாவது வரிசை மாறினாலும் விடை மாறாத எபீலியன் குலம். ஆகவே ட்ரெஃபாயில் அவிழாது.

மெஸ்ஸில் வேலை பார்க்கும் அண்ணன்களே, அக்காக்களே, 30 நிமிட இடைவேளை முழுக்க டீ சூடாக இருந்ததால்தான் யாரும் வெளியே கடை தேடிப் போகாமல் பலகை முன்னால் நின்று பேசினார்கள். மாநாட்டில் காதில் விழும் ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த லிசா பிச்சிரில்லோ, கான்வே முடிச்சு பற்றிய பழைய கேள்வியை 2018-இல் ஒரு மாநாட்டில்தான் கேள்விப்பட்டார். கான்வே முடிச்சு ஸ்லைஸ் முடிச்சு (நாற்பரிமாண வெளியில் வழவழப்பான ஒரு தட்டின் விளிம்பாக அமையும் முடிச்சு) அல்ல என்ற அவருடைய நிரூபணம் 2020-இல் 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் வெளிவந்தது.

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. தேர்வுப் பட்டியலை அதற்கும் முன்பே முடித்துக் கடிதம் அனுப்பிய அலுவலகத்தாரால்தான் வெளியூர் மாணவர்களுக்கு உறுதியான படுக்கை கிடைத்தது. பயணப்படி விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த கணக்குப் பிரிவினருக்கும் நன்றி.

பயணப்படி இன்னும் வராதவர்கள் வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணை ஒருமுறை பாருங்கள். அதில் ஐந்தாவது இடத்தில் வருவது பூஜ்ஜியம். அங்கே ஆங்கில எழுத்து 'ஓ' இருந்தால் பணம் போகாது. திருத்தி, அசல் டிக்கெட்டோடு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
மாநாட்டு ஏற்பாட்டுக் குழு