சக்கரம் வைத்த ஐஸ் ஸ்கேட்டிங்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐஸ் மேல் தாவியும் சுழன்றும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் அமெரிக்க தேசியப் போட்டி பற்றிச் சென்ற இதழில் நான்கு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். கிரிக்கெட்டைத் தவிர எதற்கும் நான்கு பக்கம் ஒதுக்காத இதழாயிற்றே என்று ஆசையாகத்தான் பிரித்தேன். மூன்றாவது பத்தியிலேயே கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டார்: "பணக்கார வீட்டுப் பெண்கள் பளபளக்கும் உடையில் வந்து ஆடிவிட்டுப் போவதை விளையாட்டு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான்."

ஐயா என்றைக்காவது ஐஸில் ஏறி நின்று பார்த்திருக்கிறாரா? என் மகள் டெட்ராய்ட் பக்கம் ஒரு கிளப்பில் பள்ளிக்கூடக் காலம் முழுக்க ஸ்கேட் செய்தவள். பள்ளிக்கு முன்னால் பயிற்சி என்பதால் ஊர் விழிக்கும் முன்பே ரிங்க்கில், அதாவது ஐஸ் தளத்தில், இருப்போம். கணுக்கால் அசையாதபடி பூட்ஸின் லேஸை இழுத்து இழுத்துக் கட்டி என் விரல்கள் காய்த்துப்போயின. ஆக்சல் என்று ஒரு தாவல். மற்றவற்றுக்கெல்லாம் பின்னோக்கிப் போய்க் கிளம்ப வேண்டும். இதற்கு மட்டும் முன்னோக்கிக் கிளம்பிப் பின்னோக்கி இறங்க வேண்டும். அதனால் அரைச் சுற்று கூடுதல். அந்த அரைச் சுற்றுக்காக விழுந்து விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு மேலே கன்றிப்போய்க் கருநீலமாக இருக்கும். உட்கார்ந்து சாப்பிட முடியாமல் நின்றுகொண்டே தோசை சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவாள். இது விளையாட்டு இல்லை. சரி, நீங்கள் சொன்னால் சரி.

பணக்கார வீடு என்றாரே, அது இன்னும் வேடிக்கை. கட்டுரையில் பாதிக்கு மேல் டோன்யா ஹார்டிங், நான்சி கெரிகன் விவகாரம்தான்: 1994 தேசியப் போட்டிக்கு முன், ஹார்டிங்கின் முன்னாள் கணவர் தரப்பு ஏவிய ஆள் போட்டியாளர் கெரிகனின் காலில் முழங்கால் அருகே அடித்த கதை. கெரிகனின் அப்பா வெல்டர். மகளின் பயிற்சிக் கட்டணத்துக்காக உள்ளூர் ரிங்க்கில் ஐஸை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டியவர். ஹார்டிங் வறுமையில் வளர்ந்தவர். அவருடைய போட்டி உடைகளை அம்மாவே வீட்டில் தைத்துக் கொடுத்தார். பணம் வேண்டாத விளையாட்டு என்று நானும் சொல்ல மாட்டேன். எங்கள் பழைய காரை மாற்றாமல் ஓட்டியதே இந்த பூட்ஸ் செலவால்தான். ஆனால் இந்த இருவரையும் எதிரே வைத்துக்கொண்டே பணக்கார வீட்டுப் பெண்கள் என்று எழுத ஒரு தைரியம் வேண்டும்.

ஹார்டிங் என்றால் முழங்கால் அடி மட்டும்தான் நினைவுக்கு வருமா? 1991 தேசியப் போட்டியில் ட்ரிபிள் ஆக்சல், அதாவது மூன்றரைச் சுற்று ஆக்சல், போட்டார். போட்டியில் அதைச் செய்த முதல் அமெரிக்கப் பெண் அவர். கட்டுரையில் அதற்கு ஒரு வரி கிடையாது. ஆனால் பெட்டிச் செய்தியில் "1994 சாம்பியன்: டோன்யா ஹார்டிங்" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்த ஜனவரியில் டெட்ராய்ட்டில் அவர் ஜெயித்தார், உண்மைதான். அந்த அடி விவகாரத்துக்காக ஜூன் மாதம் அமெரிக்க ஸ்கேட்டிங் சங்கம் பட்டத்தைப் பறித்துவிட்டது. இரண்டாவதாக வந்த 13 வயது மிஷெல் குவானுக்கும் அதைக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் பட்டியலில் அந்த வருடம் காலி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

1914இல் நியூ ஹேவனில் தொடங்கிய போட்டி இது. அன்று பெண்கள் பிரிவில் ஜெயித்த தெரசா வெல்ட், 1920 ஒலிம்பிக்கில் தாவியபோது பெண்ணுக்கு அழகல்ல என்று நடுவர்கள் கண்டித்தார்கள். நூறு வருடம் கழித்து அதே நாற்காலியில் உங்கள் கட்டுரையாளர் வந்து உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். மேபெல் ஃபேர்பேங்க்ஸ் என்ற பெயரையாவது கேள்விப்பட்டிருப்பாரா? கறுப்பினப் பெண் என்று கிளப்புகள் சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால் தேசியப் போட்டிக்கே போக முடியவில்லை. பிறகு பயிற்சியாளராகி, அவர் உருவாக்கிய அட்டாய் வில்சன் 1966இல் தேசியப் போட்டியின் நாவிஸ் பிரிவில் (ஜூனியருக்கும் கீழே உள்ள பிரிவு) ஜெயித்தார். அப்புறம் 1986இல் டெபி தாமஸ், ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டே, சீனியர் பெண்கள் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். இந்தக் கதைக்கு நான்கு பக்கத்தில் இடமில்லை. முழங்காலுக்கு இரண்டு பக்கம்.

இது புதிதும் அல்ல. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபோது நீங்களும் செய்தி போட்டீர்கள். அவர்களில் 28 பேர் ஸ்கேட்டிங்கைச் சேர்ந்தவர்கள்: சிறுவர் சிறுமியர், பெற்றோர், பயிற்சியாளர்கள். கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் தேசியப் போட்டியையொட்டி நடந்த இளையோர் முகாம் முடிந்து திரும்பியவர்கள். அது உங்கள் செய்தியில் இல்லை. அன்று நான் விரிவாக ஒரு கடிதம் எழுதினேன். 1961இலும் தேசியப் போட்டி முடிந்த சில வாரங்களில், பிராகில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்குப் புறப்பட்ட அணி பிரஸ்ஸல்ஸ் அருகே விமானம் விழுந்து மொத்தமாக அழிந்ததையும், அப்போது நாட்டின் சாம்பியன் 16 வயது லாரன்ஸ் ஓவன் என்பதையும், அதே விமானத்தில் அவளுடைய அக்காவும், ஒன்பது முறை சாம்பியனான அவளுடைய அம்மா மேரிபெல் வின்சன் ஓவனும் போனதையும் எழுதியிருந்தேன். அத்தனையையும் வெட்டிவிட்டு, "விமான விபத்துச் செய்தி நெஞ்சை உருக்கியது" என்று மட்டும் என் பெயரில் பிரசுரித்தீர்கள். உறவுக்காரர்கள் ஃபோன் செய்து பாராட்டினார்கள்.

சந்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீபாவளி மலர் எனக்குப் பொங்கலுக்கு வருகிறது. கேட்டால் தபால் என்கிறீர்கள். சந்தா புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் மட்டும் அதே தபாலில் நாள் தவறாமல் வந்து சேர்கிறது.

கட்டுரையை மறுபடி எழுதுங்கள் என்று கேட்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. பெட்டிச் செய்தியில் 1994க்கு நேரே "பட்டம் பறிக்கப்பட்டது" என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், இணையப் பதிப்பில் முகப்பில் வைத்திருக்கும் படத்தை எடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணின் காலில் இருப்பது ரோலர் ஸ்கேட். நான்கு சக்கரமும் தெளிவாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர்,
மிஷிகன்