தண்டர்பேர்ட் பள்ளிக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

கூடப் படித்தவர்களுக்கும், சொல்லிக்கொடுத்தவர்களுக்கும், அந்தப் பள்ளியை மூடவிடாமல் இழுத்துப் பிடித்தவர்களுக்கும்,

வணக்கம். திருப்பூரிலிருந்து பனியன், டி-ஷர்ட் ஏற்றுமதி செய்கிறேன். அமெரிக்காவில் தண்டர்பேர்ட் என்ற வெளிநாட்டு வணிகப் பள்ளியில் உங்களோடு படித்தவன். லத்தீன் அமெரிக்காவுக்கு என் சரக்கு போகிறதென்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். பலருடைய முகவரி கையில் இல்லை, அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி நான் பார்த்தேயிராத ஒருவருக்கு. லெப்டினன்ட் ஜெனரல் பார்ட்டன் கைல் யவுண்ட், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ விமானப்படையின் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவர். போர் முடிந்ததும் அரிசோனாவின் கிளென்டேலில் இருந்த தண்டர்பேர்ட் விமானப் பயிற்சித் தளத்துக்கு வேலை இல்லாமல் போனது. ஒரே ஒரு டாலருக்கு அதை அரசிடம் வாங்கி, 1946 இல் வெளிநாட்டு வணிகம் கற்பிக்கும் பள்ளியாக்கிவிட்டார். முதல் மாணவர்களில் பெரும்பாலோர் படையிலிருந்து திரும்பியவர்கள். யவுண்ட் 1949 இல் காலமானார். பள்ளி நிற்கவில்லை.

வணிகம், மொழி, அந்தந்த வட்டாரத்தின் அரசியலும் பழக்கவழக்கமும்: இந்த மூன்றையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்று ஆரம்பத்திலேயே வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் பள்ளியின் உயிரே அதுதான். எங்கள் ஸ்பானிஷ் டீச்சர் ஒருவரை வாங்குபவராகவும் இன்னொருவரை விற்பவராகவும் எதிரெதிரே உட்காரவைப்பார். டஜன் விலை, கப்பல் ஏற்றும் தேதி, எல்.சி. (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) நிபந்தனை எல்லாம் ஸ்பானிஷிலேயே பேசி முடிக்கவேண்டும். வாய் தவறி ஒரு ஆங்கில வார்த்தை வந்தால் பேரம் முதலிலிருந்து! அன்று அவர்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. டீச்சர், இப்போது என் சோறே அதில்தான்.

அப்புறம், பழைய மாணவர்கள் மாதத்தின் முதல் செவ்வாயன்று ஊர் ஊராகக் கூடுவார்களே, அதற்கும் நன்றி. மெக்சிகோ சிட்டியில் யாரையும் தெரியாமல் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போனேன். எந்த வருடம் படித்தாய் என்று மட்டும் கேட்டார்கள். மறுநாளே ஒரு மொத்த வியாபாரியிடம் என்னைக் கூட்டிப்போன அண்ணனுக்கு நான் பட்ட கடன் பெரிது.

பள்ளியின் பெயரைத்தான் எத்தனை தடவை மாற்றினார்கள்! என் சான்றிதழில் இருப்பது வேறு பெயர். பேங்க்காரர்களுக்கு இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

பணமுடை முற்றி, பள்ளி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததும், 2018 இல் கிளென்டேல் வளாகத்தைவிட்டு ஃபீனிக்ஸுக்குப் போனதும் எனக்கும் வருத்தம்தான். ஆனால் இழுத்து மூடுவதற்கு இது எவ்வளவோ மேல். அதற்காக அலைந்தவர்களுக்கும், அதற்கு முன்பே அந்த விமானத் தளத்தின் பழைய கண்ட்ரோல் டவரைப் புதுப்பிக்கக் கிளம்பிய மாணவர்களுக்கும், பணம் தந்தவர்களுக்கும் என் கும்பிடு.

கோவை, திருப்பூர் பக்கம் வந்தால் ஒரு போன் போடுங்கள். செவ்வாய்க்கிழமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து ஒரு பழைய மாணவன்