மகளுக்கு: அந்த லைட் மெஷினைப் பற்றி

அன்பு மகள்,

நீ அனுப்பின வொய்ஸை திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டனான். பிறந்த பிள்ளையின்ர தலையில சின்னப் பட்டி ஒண்டு ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒளியை விட்டு மூளைக்கு ஒக்சிசன் காணுமோ எண்டு பாக்கிறீங்களாம், கொப்பா நம்பேல்லை. போன் டோச்சை அவற்ற விரலுக்குக் கீழ பிடிச்சுக் காட்டினன், சிவப்பாத் தெரிஞ்சுது. உதுக்கும் அங்கால இருக்கிற ஒளி இன்னும் ஆழமாப் போகுமாம், பிஞ்சு மண்டையோடு மெல்லிசு தானே, ஒக்சிசன் உள்ள ரத்தம் ஒரு மாதிரியும் இல்லாத ரத்தம் வேற மாதிரியும் அதை உறிஞ்சுமாம் எண்டு விளங்கப்படுத்தினன். 1977இல யோப்சிஸ் எண்டவர் கண்டுபிடிச்சதாம், நான் இப்பதான் கேள்விப்படுறன்.

நான் மிட்வைஃபா இருந்த காலத்தில எங்களுக்குக் கண்ணும் கையும் தான் மெஷின். பிள்ளை அழேல்லை, நீலம் பாரிச்சு துவண்டு கிடக்கும், அம்புபாக் (கையால அமத்தி மூச்சுக் குடுக்கிற பை) பிடிச்சு நிறம் வந்தவுடன தாய்க்காரிக்கு உயிர் திரும்பி வரும், எங்களுக்கும் தான். ஆனா நிறம் வந்தா மூளை தப்பீட்டுது எண்டில்லை. ஒக்சிசன் இல்லாமப் பட்ட முதல் அடியில இருந்து மூளை கொஞ்சம் தேறின மாதிரிக் காட்டிப்போட்டு, ஆறு மணித்தியாலம் கழிய உள்ளுக்கை திரும்பச் சரியத் தொடங்கும். அடுத்த நாள் பிள்ளை வாயைச் சப்பும், காலை சைக்கிள் ஓடுற மாதிரி ஆட்டும், தாய் பாலுக்குத் தேடுது எண்டு நினைப்பா, அது வலிப்பு.

அதாலதான் நீ சொன்ன ஒரு விசயம் என்னைப் பிடிச்சு உலுக்கினது. மூளையில ஒக்சிசன் கூட நிக்குது எண்டு காட்டினா நல்லம் எண்டெல்லோ நான் நினைச்சன். ஒரு நாள் கழிஞ்சும் கூடவே நிண்டா, செல்லு அதை எடுத்துப் பாவிக்கேல்லை எண்டு அர்த்தமாம். செல்லுக்குள்ள ஒக்சிசனை எரிக்கிற இடத்தையே பாக்கிற மெஷினும் லண்டனில செய்து பாக்கினமாம் எண்டாய், அது வந்தா பெரிய விசயம். எம்ஆர்ஐக்கு எண்டு பிள்ளையைக் கட்டிலை விட்டுத் தூக்கத் தேவையில்லையே. துணுக்காய் பக்கமிருந்து மாரி ரோட்டில ஒரு பிள்ளையைக் கொண்டு போனவளுக்கு உதின்ர அருமை தெரியும்.

ஆனா மகள், ஒண்டு சொல்லுறன், கோவிக்காத. அங்க சரிவந்தது இஞ்ச அப்பிடியே சரிவரும் எண்டு நினைக்காதேங்கோ. பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள்ள துவங்கி, இப்பிடி மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளையை 33.5 பாகையில 72 மணித்தியாலம் குளிர வைக்கிற வைத்தியம் அங்க கனக்கப் பிள்ளையளைக் காப்பாத்தினது உண்மை. அதையே இந்தியா, இலங்கை, வங்காளதேசத்தில 408 பிள்ளையளில செய்து பாத்து 2021இல வெளியிட்டவை, அந்த ஆய்வுக்கு ஹெலிக்ஸ் எண்டு பேர், இஞ்ச சாவு குறையேல்லை, கூடினது. பிறகு அந்த விரலில மாட்டுற ஒக்சிசன் மெஷின். கறுத்த ஆக்களில உள்ளதை விடக் கூட்டிக் காட்டுது எண்டு கொரோனா நேரம் தானே அமெரிக்காவில பெரிசாக் கதைச்சவை? அதுவும் ஒளிதான். ஒளி போறது தோலுக்குள்ளால, எங்கட பிள்ளையளின்ர தோல் என்ன நிறம் எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீ பிறக்கேக்க கொம்மம்மா என்ன சொன்னவ எண்டு ஞாபகம் இருக்கும் (நான் அதுக்குச் சண்டை பிடிச்சனான்).

அதால உன்ர பெரிய டொக்டரிட்டைக் கேள், உந்தப் பட்டியை எங்கட நிறத்துப் பிள்ளையளிலையும் வைச்சுச் சரி பாத்தவையோ எண்டு. பாக்கேல்லை எண்டா, இஞ்ச ஒரு ஆஸ்பத்திரியோட சேந்து பாக்கச் சொல்லு. விக்கிறதுக்கு முதல் பாக்கோணும், வித்த பிறகு இல்லை. நீ கேக்கப் பயந்தா நான் கேள்வியளை எழுதித் தாறன், இங்கிலீசாக்கிறது உன்ர பாடு.

நைட் டியூட்டி முடிய சாப்பிட்டுப்போட்டுப் படு. ஞாயிற்றுக்கிழமை எடு, பின்னேரம் எண்டா சிக்னல் நல்லம்.

அம்மா