டெல்லி வேண்டாம், வேப்பனப்பள்ளி போதும்

வேப்பனப்பள்ளி
2.10.2021

அன்புள்ள மாது,

இங்கே எல்லோரும் நலம். ராகி கதிர் பிடித்திருக்கிறது. யானை வருமோ என்ற பயத்தில் பரண் கட்டியாகிவிட்டது.

போனில் கேட்டாயே, "நம்ம முனுசாமி ராஜினாமா பண்ணிட்டாராமே, மறுபடி ஓட்டுப் போடணுமா?" என்று. நம் தொகுதி அ.தி.மு.க. எம்.எல்.ஏ. கே.பி. முனுசாமி விட்டது எம்.எல்.ஏ. பதவியை இல்லை, மாநிலங்களவை எம்.பி. பதவியை. 2020இல் அவரும் நம் பர்கூர் தம்பிதுரையும் ஒன்றாகத்தான் மாநிலங்களவைக்குப் போனார்கள். இந்த மே மாதம் சொற்ப ஓட்டில் இங்கே ஜெயித்ததும் இரண்டில் ஒன்றை விட வேண்டியதாகிவிட்டது. அரசிதழில் பெயர் வந்து 14 நாளுக்குள் எம்.எல்.ஏ. பதவியை விடாவிட்டால் எம்.பி. இடம் தானாகவே காலியாகிவிடும், அதுதான் சட்டம். ஒரத்தநாட்டில் ஜெயித்த, அதே கட்சியின் மாநிலங்களவை எம்.பி. வைத்திலிங்கமும் இதே முடிவைத்தான் எடுத்தார்.

2026 ஏப்ரல் வரை இருக்க வேண்டிய பதவியை ஏன் விட்டார் என்று டீக்கடையில் ஒரு வாரம் பேச்சு. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. எம்.எல்.ஏ. பதவியை விட்டால் இங்கே இடைத்தேர்தல் வரும். ஆளுங்கட்சி மந்திரிகள் வந்து ஊர் ஊராக உட்கார்ந்துகொள்வார்கள். கையிலிருக்கும் 66 எம்.எல்.ஏ.க்களில் ஒன்றை யார் பணயம் வைப்பார்கள்?

ஆனால் டெல்லியில் இழப்பு பெரிது. அ.தி.மு.க. மாநிலங்களவை எம்.பி. முகமது ஜான் இறந்ததால் ஏற்கெனவே ஓர் இடம் காலி. மூன்றையும் ஒரே தேர்தலாக நடத்தியிருந்தால் ஓர் இடத்துக்கு 59 எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு போதும், அ.தி.மு.க.வுக்கு ஒன்று கிடைத்திருக்கும். பதவிக்காலம் வேறு வேறு என்பதால் தனித்தனித் தேர்தலாக வைத்தார்கள். தனித்தனி என்றால் ஒவ்வொன்றுக்கும் சட்டசபையில் பாதிக்கு மேல் வேண்டும். அது தி.மு.க.விடம் மட்டும்தான் இருக்கிறது. மூன்றும் அவர்களுக்கே போய்விட்டன. முனுசாமி இடத்துக்கு டாக்டர் கனிமொழி சோமு. போட்டியே இல்லை. பத்து எம்.எல்.ஏ. முன்மொழியாமல் மனுவே நிற்காது, பிறகு சுயேச்சைகள் எங்கே போவார்கள்?

2019இல் ஓசூர் இடைத்தேர்தல் நினைவிருக்கிறதா? என்ன வண்டி, என்ன மைக் சத்தம்! இந்தத் தேர்தலுக்கு நம் ஊரில் ஒரு சுவர் விளம்பரம்கூட இல்லை. நாளை மறுநாள் ஓட்டுப்பதிவு என்று குறித்திருந்த தேதி. போன திங்கட்கிழமையே முடிந்த கதை. பக்கத்துத் திருப்பத்தூரில் ஊராட்சித் தேர்தல் களைகட்டுகிறது. என் சகலை அங்கே வார்டுக்கு நிற்கிறான், ராத்திரி தூக்கமில்லையாம்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். நம் மாவட்டத்துக்கு டெல்லியில் இருந்த ஒரு குரல் குறைந்துபோனதை இங்கே ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. இனி மாங்கூழ் வரி, ஓசூர்–ஜோலார்பேட்டை ரயில் பாதை என்று பேச தம்பிதுரையும் மக்களவையில் செல்லக்குமாரும்தான். எம்.எல்.ஏ.வாக முனுசாமி இங்கே என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். அமைச்சராக இருந்தவர், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

தீபாவளிக்கு வருவாயா? வருவதென்றால் முன்கூட்டியே சொல், அம்மா உனக்காக நாட்டுக்கோழி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறாள்.

உன்,
கோவிந்தன்