30 ஐஸ் பாரா, 30 கிலோவா?

ஆசிரியருக்கு வணக்கம். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறேன். ஐஸ் கம்பெனி ஒன்றில் ஆர்டர் எடுக்கும் ஏஐ முகவரிடம் (மனிதருக்குப் பதில் பேசும் கணினி நிரல்) ‘30 ஐஸ்’ கேட்டேன். விடியற்காலை 3 மணிக்கு 30 கிலோ வந்து இறங்கியது. டீசல் நிரப்பி, ஆட்களும் ஏறிவிட்ட நேரம்! எங்கள் துறைமுகத்தில் 30 என்றால் 30 பார்தான்; பார் என்பது பெரிய ஐஸ் கட்டி.

கேட்டதற்கு, ஆர்டரைப் பதிய அந்த ஏஐ இயக்கும் ‘கருவி’ என்ற மென்பொருளின் குறிப்பைக் காட்டினார்கள்: ‘ஐஸ் ஆர்டர். அளவு: எண்’. அவ்வளவுதான். கருவியின் பெயரையும் இந்தக் குறிப்பையும் படித்துத்தான், எந்தக் கருவியை இயக்குவது என்று ஏஐ தேர்ந்தெடுக்கிறது. உள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை என்கிறாள் கணினி படிக்கும் என் மகள். ‘அளவு பாரில்; கிலோ என்றால் திருப்பிக் கேள்; விலை விசாரிப்பவருக்கு இதை இயக்காதே’ என்று எழுத எத்தனை நிமிடம் ஆகும்? இந்தக் குறிப்புகளை எழுதுபவர்கள் ஒரு நாள் எங்கள் ஏலக்கூடத்துக்கு வந்து பேச்சைக் கேட்கட்டும்.

– விசைப்படகு உரிமையாளர், காசிமேடு