பாக் நீரிணையின் இரு கரையிலும் தமிழ்ப் புத்தகம் போடுகிறவர்களுக்கு

பதிப்பாளர்களுக்கு வணக்கம். உங்கள் புத்தகங்களின் கணினிக் கோப்பைப் பார்வையற்றோர் நூலகங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் உச்சிப்புளிக்காரி. பத்தொன்பது வயதில் பார்வை போனது, படிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. என்விடிஏ என்கிற இலவச மென்பொருள் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல, காதால் படிக்கிறேன். போன மாதம் யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு சிறுகதைத் தொகுப்பின் கோப்பு தெரிந்தவர் மூலமாகக் கிடைத்தது. ஆசையோடு திறந்தால் ஒன்றும் புரியவில்லை. எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டேன், "எம், கே, செமிகோலன், கே, எச்" என்றது. பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் அப்படித்தான் இருக்கும், கண் உள்ளவர்களுக்குத் தமிழாகத் தெரிகிறது, எங்கள் காதுக்கு வெறும் ஆங்கில எழுத்தாக வந்து விழுகிறது. கணினி தமிழைத் தமிழாகவே அறிந்துகொள்ளும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவியில் போட்டேன், இரண்டே நிமிடத்தில் அம்மா வந்துவிட்டாள். அன்று ராத்திரியே பாதிப் புத்தகம் முடித்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோப்பு கையில் இருந்தால் எங்கள் வேலை அவ்வளவு சுலபம். அச்சுப் புத்தகம் மட்டும் இருந்தால் நடப்பதே வேறு. அக்கா ஒவ்வொரு பக்கமாக விரித்துப் பிடித்து போனில் படம் எடுப்பாள். 240 பக்கத்துக்கு அவளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அப்புறம் அந்தப் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும், அதில் காலும் 'ர'வும் ஒன்றுக்கொன்று மாறி வந்து நிற்கும், உட்கார்ந்து திருத்த வேண்டும். அவளுக்கும் வீடு, பிள்ளைகள், வேலை எல்லாம் இருக்கிறது.

சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். எடுத்தவர் நல்லபடியாகத்தான் பேசினார், ஆனால் "கோப்பைக் கொடுத்தா நாளைக்கே டெலிகிராம்ல சுத்தும்மா, காப்பிரைட் பிரச்சினை வேற" என்று வைத்துவிட்டார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. பணம் போட்டு, ராத்திரி பகலாக மெய்ப்பு பார்த்துக் கொண்டுவந்த புத்தகம் ஓசியில் சுற்றினால் யாருக்கும் வயிறு எரியும். காப்பிரைட் பற்றி அவர் சொன்னதுதான் சரியில்லை.

2013 ஜூனில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஓர் உலக உடன்படிக்கை ஆனது. பார்வையற்றவர்கள், புத்தகத்தைக் கையில் பிடித்துப் படிக்க முடியாத உடல்நிலையில் இருப்பவர்கள் போன்றவர்களுக்காக, வெளிவந்த நூல்களை அவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்ற உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். 2014இல் அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடே இந்தியாதான். அதற்கும் முன்பே, 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இந்த விலக்கைச் சேர்த்துவிட்டார்கள். லாபத்துக்குச் செய்யக் கூடாது, செய்த படி சாதாரண விற்பனைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டமே அமைப்புகளைக் கட்டுப்படுத்துகிறது.

இலங்கை சின்ன நாடு, ஆனால் அதுவும் 2016இல் இதே உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. இரண்டு நாடும் உள்ளே இருப்பதால் இன்னொரு வழியும் திறக்கிறது. இங்கே இதற்கென இயங்கும் ஓர் அமைப்பு ஒரு நூலை ஒரு தடவை மாற்றிவிட்டால், அந்தப் படியை அங்கே இருப்பவர்களுக்கும் அனுப்பலாம், அங்கிருந்து இங்கேயும் வரலாம். ஒரே புத்தகத்துக்கு இரண்டு கரையிலும் இரண்டு அக்காக்கள் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க வேண்டாம். தனுஷ்கோடியில் போய் நின்றால் போனுக்கு இலங்கை சிக்னல் வந்துவிடுகிறது. என் அப்பா காலத்தில் இந்தக் கரை முழுக்க இலங்கை வானொலிதான் பாடிக்கொண்டிருக்கும். குரல் வந்த தூரத்துக்குப் புத்தகம் வரக் கூடாதா?

உரிமைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. எழுதியவர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டு, இலங்கையில் 70 ஆண்டு ஆக வேண்டும். பழைய இலக்கியங்களை மதுரைத் திட்டம் என்கிற தன்னார்வலர் முயற்சி 1998 முதல் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்திருக்கிறது, அந்தப் புண்ணியத்தில் சங்கப் பாட்டு எல்லாம் படித்துவிட்டேன். இந்த வருடம் புத்தகக் காட்சியில் எல்லோரும் பேசிய நாவலைத்தான் என்னால் படிக்க முடியவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் எங்களுக்குப் படியெடுக்கும் உரிமையைத்தான் தந்திருக்கிறது, உங்களிடம் இருக்கும் கோப்பைக் கொடு என்று கட்டாயப்படுத்தும் உரிமையைத் தரவில்லை. அதனால்தான் இந்த மடல். புத்தகம் அச்சுக்குப் போகிற அன்றே அதன் யூனிகோடு கோப்பையோ இபப் என்கிற மின்னூல் வடிவத்தையோ ஒரு பார்வையற்றோர் நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். கண்டவர்களிடம் கொடுக்கத் தயக்கம் என்றால் தனி ஆளுக்குக் கொடுக்க வேண்டாம், அமைப்புக்கு மட்டும் கொடுங்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டெலிகிராமில் சுற்றுகிறவற்றில் பல கடையில் வாங்கிய புத்தகத்தை ஸ்கேன் செய்தவை, அவற்றுக்கு எங்கள் கோப்பு தேவைப்படவே இல்லை.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கிற பதிப்பாளர்களே, உங்களிடம் யூனிகோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய பாமினிக் கோப்பு ஏதாவது கணினியில் தூங்கிக்கொண்டிருந்தால் அதையே அனுப்புங்கள், நாங்கள் மாற்றிக்கொள்கிறோம்.