குளத்துத் தண்ணீர் பற்றிப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

வெள்ளிக்கிழமை தரம் 7 பிள்ளைகள் இருவர் கைகால் தடித்துச் சிவந்துபோய் வகுப்புக்கு வந்தார்கள். முதல்நாள் பின்னேரம் குளத்தில் குளித்தார்களாம். பாடசாலை விட்டதும் குளக்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். துறையோரம் பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோலத் தண்ணீர்மேல் ஆடை படர்ந்திருந்தது. தடியொன்றை விட்டு எடுத்தேன். சாதாரண பாசி என்றால் நூல்நூலாகத் தொங்கும். இது தடியில் பூசினாற்போல் ஒட்டிக்கொண்டு வந்தது. நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துவிட்டேன். முடிவு தெரியும்வரை நஞ்சென்றே எடுத்துக்கொள்வோம்.

சிறுபோகக் காலத்தில் குளம் வற்றி, தண்ணீர் அசைவில்லாமல் வெயிலில் கிடக்கிறது. வயலுக்கு வீசிய பசளையின் மிச்சமும் அதில் வந்து சேர்கிறது. இந்தப் பாசி பெருக அது போதும்.

இதில் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கும். "கொதித்தாறின குளத்துத் தண்ணீர்தானே கொடுக்கிறோம், சேர்" என்று ஒரு தாய் சொன்னார். அதற்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். கொதிக்கவைத்தால் வயிற்றோட்டக் கிருமி சாகும், சரி. இந்த நஞ்சு அழியாது. பாசி வெடித்து உள்ளிருக்கும் நஞ்சும் வெளியே வரும். தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். துணியில் வடித்தாலும் போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் இதே நஞ்சு குழாய் நீரில் கலந்தபோது, ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்குக் குடிக்கவும் வேண்டாம், கொதிக்கவைக்கவும் வேண்டாம் என்றுதான் அறிவித்தார்கள்.

ஆகவே குளத்துத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், அதில் சமைக்கவும் வேண்டாம். பிள்ளைகளைக் குளத்தில் இறங்க விடாதீர்கள். நீந்தும்போது சின்னப்பிள்ளைகள்தான் அதிகம் விழுங்குவார்கள். மாட்டுக்கும் அங்கே தண்ணீர் காட்டாதீர்கள், நாயையும் விடாதீர்கள். குளத்து மீன் வாங்கினால் குடலையும் ஈரலையும் எடுத்தெறிந்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஏற்கெனவே குளித்த பிள்ளைக்குச் சத்தி, வயிற்றோட்டம், கண்ணெரிவு, தடிப்பு வந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குளத்தில் குளித்ததை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடிப்பீர்கள் என்ற பயத்தில் பிள்ளை உங்களிடமே மறைக்கலாம், அன்பாகக் கேளுங்கள்.

எங்கள் படுவான்கரைப் பகுதியில் எல்லா வீட்டுக்கும் இன்னும் குழாய் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். பாடசாலைக் குழாயில் வருவது சுத்திகரித்த நீர். பிள்ளையிடம் இரண்டு போத்தல் கொடுத்துவிடுங்கள், நிரப்பிக்கொண்டு வரட்டும். குடத்தோடு நீங்களும் வரலாம். விடுமுறையிலும் காலை 7 மணிக்குக் காவலாளி கேற்றைத் திறந்து வைப்பார்.

இப்படிக்கு,
அதிபர்